மண்டையோட்டுப் பூச்சி: கதிரவெளிச் சேனையில் எள்ளும் தேனும்

  கொஞ்சம் நீண்ட பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

கதிரவெளிப் பக்கம் நாங்கள் படிப்பிக்கும் பாடசாலையில் ஒரு காலை. வகுப்பறையைத் திறந்த பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். போய்ப் பார்த்தால் கரும்பலகைக்கு மேலே உள்ளங்கையளவில் ஒரு பூச்சி. கறுப்பும் மண்ணிறமும் கலந்த சிறகு, மஞ்சள் வயிறு. முதுகில், கழுத்துக்குக் கிட்ட, வெளிறிய நிறத்தில் ஒரு மண்டையோடு வரைந்து வைத்தது போல அடையாளம். "சாவுப் பூச்சி சேர், ஆரோ சாகப் போறாங்க" என்றாள் ஒரு பிள்ளை. இன்னொருவன் தும்புத்தடியை எடுத்து வந்து அதைத் தட்டினான். அது பறக்கவில்லை, 'கீச்' என்று எலிக்குஞ்சு போலக் கத்தியது. பிள்ளைகள் மறுபடி ஓடினார்கள். உண்மையைச் சொன்னால் ஆசிரியர்கள் நாங்களும் ஓரடி பின்னுக்குப் போனோம்.

ஒரேயொரு பொடியன் மட்டும் நின்றான். தேன் எடுக்கும் வேடர் குடும்பத்துப் பிள்ளை. "அடிக்காதீங்க சேர். அது தேன் குடிக்கிற பூச்சி. அப்பப்பா பொந்துத் தேன் எடுக்கக்க உள்ளுக்குச் செத்துக் கிடக்கும்" என்றான்.

பூச்சி தேன் குடிக்குமா, அதுவும் தேனீக் கூட்டுக்குள்ளே போயா? ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் படித்த எங்களுக்கு அது தெரியாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அந்த வெட்கத்தில்தான் தேடத் தொடங்கினோம். பூச்சியைத் தேடப் போய் ஊர் வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டோம்.

முதலில் பெயர். வண்ணத்துப்பூச்சிக்குத் தமிழில் அழகான பெயர் இருக்கிறது. இரவில் வரும் அதன் உறவுக்காரருக்கு எங்கள் பக்கத்தில் தனிப்பெயர் இல்லை. பாடப்புத்தகத்தில் அந்துப்பூச்சி என்று இருக்கும். ஆனால் வயல்காரரிடம் அந்து என்றால் நெல் மூட்டையில் பறக்கும் சிறு பூச்சியைத்தான் நினைப்பார்கள். விட்டில் என்றால் சிலருக்கு விளக்கில் விழுவது, சிலருக்கு வெட்டுக்கிளி. திருக்குர்ஆனின் 101ஆவது அத்தியாயமான அல்காரிஆவில் மறுமை நாள் மனிதர்களுக்கு உவமையாக வரும் 'ஃபராஷ்' இந்தப் பூச்சியினம்தான். சில தமிழ் மொழிபெயர்ப்புகளில் அது ஈசல் என்று வந்திருக்கிறது. மொழிபெயர்த்தவர்களில் குற்றமில்லை, எங்களிடம் சொல் இல்லை.

ஐரோப்பியர் பெயர் வைத்தார்கள், ஆனால் முதுகைப் பார்த்து வைத்தார்கள். 1758இல் லின்னேயஸ் அங்குள்ள மண்டையோட்டுப் பூச்சிக்கு அட்ரோபோஸ் என்று பெயரிட்டார். கிரேக்கக் கதைகளில் மனிதரின் உயிர்நூலை வெட்டுகிறவளின் பெயர் அது. இலங்கையில் இருப்பவை அதன் உடன்பிறப்புகள் இரண்டு. ஒன்றுக்கு 1798இல் ஃபப்ரிசியஸ் லாக்கெசிஸ் என்று வைத்தார். அவள் உயிர்நூலை அளப்பவள். மற்றதுக்கு 1847இல் வெஸ்ட்வுட் ஸ்டிக்ஸ் என்று வைத்தார். அது செத்தவர் கடக்கும் ஆறு. இந்த மூன்றுக்கும் சேர்த்து வைத்த குடும்பப் பெயர் அகெரோன்டியா, அதுவும் பாதாள ஆறு ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. இப்படி நாலு பக்கத்தாலும் சாவைக் கட்டிவிட்டார்கள். 1991இல் வந்த கொலைகாரன் பற்றிய ஆங்கிலப் படத்தின் சுவரொட்டியில் ஒரு பெண்ணின் வாயை மூடியிருப்பதும் இதே இனம்தான்.

சரி, இது எதைத்தான் தின்கிறது?

வெருகல் ஆற்றுக்கு இந்தப் பக்கம் எள்ளுச் சேனை செய்தவர்களுக்கு இதன் புழுவைத் தெரிந்திருக்கும். நடுவிரலைவிட நீளமாக, பச்சை அல்லது மஞ்சள் நிறத்தில், பக்கங்களில் சரிந்த நீலக் கோடுகளுடன், வாலில் ஒரு கொம்புடன் எள்ளுச் செடியில் ஒட்டியிருக்கும் தடித்த புழு. எள்ளு இல்லாவிட்டால் கத்தரி, அவரை, மல்லிகை. ஒரு புழு சில நாட்களில் ஒரு செடியை மொட்டையாக்கிவிடும். ஆனால் பெருந்தொகையாக வருவதில்லை. கையால் பொறுக்கி எடுத்தால் போதும் என்றுதான் விவசாயக் கையேடுகளே சொல்கின்றன. வளர்ந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். ஆழ உழுதால் மேலே வந்துவிடும், பின்னால் வரும் கொக்கும் மைனாவும் பார்த்துக்கொள்ளும்.

இங்கே ஒரு சின்ன விலகல். எண்ணெய் என்ற சொல்லே எள் + நெய்தான். தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் எல்லாம் பிறகு அந்தப் பெயரை இரவல் வாங்கியவை. அப்படியென்றால் எள்ளுச் செடியைத் தின்று வளர்ந்த பூச்சி, நல்லெண்ணெய் விளக்கைத் தேடி வந்து விழுந்த காலம் ஒன்று இங்கே நீண்டு இருந்திருக்கிறது. பழைய வீடுகளில் விளக்கும் பூச்சியும் ஒரே சேனையிலிருந்துதான் வந்தன.

புழுவின் கதை அப்படி. சிறகு முளைத்த பிறகு அதன் உணவு மாறிவிடுகிறது. இந்தப் பூச்சிக்கு நாக்கு குட்டை, ஆனால் தடிப்பமும் கூர்மையும் உள்ளது. பூவுக்குள் நீட்டிக் குடிக்க உதவாது, மெழுகு அறையைக் குத்தித் துளைக்க உதவும். இரவில் தேனீக் கூட்டுக்குள் நுழைந்து, ஆயிரக்கணக்கான தேனீக்களுக்கு நடுவில் நடந்து போய்த் தேனை உறிஞ்சுகிறது. தேனீக்கள் ஏன் உடனே கொட்டிக் கொல்வதில்லை? 1991இல் வெளியான ஓர் ஆய்வு ஐரோப்பிய இனத்தைப் பரிசோதித்துச் சொன்னது: இதன் உடம்பில் தேனீக்களின் உடம்பில் உள்ள அதே கொழுப்பமிலங்கள் இருக்கின்றன. இருட்டில் மணத்தால்தான் ஆளை அறியும் தேனீக்களுக்கு இதுவும் தங்கள் ஆள் மாதிரியே படுகிறது. அந்தக் 'கீச்' சத்தம் தொண்டையால் காற்றை இழுத்துத் தள்ளும்போது வருவது. தோலும் தடிப்பு, சில கொட்டுகளைத் தாங்கும். எல்லா நாளும் தப்புவதில்லை. உள்ளே செத்தால் இவ்வளவு பெரிய உடலைத் தேனீக்களால் இழுத்து வெளியே போட முடியாது. அப்படியே உள்ளே கிடக்கும். அந்தப் பொடியனின் அப்பப்பா கண்டது அதைத்தான்.

இதை ஐரோப்பாவில் விரிவாக எழுதியவர்களில் முக்கியமானவர் சுவிட்சர்லாந்தின் ஃபிரான்சுவா ஹூபர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மண்டையோட்டுப் பூச்சி வரும் காலத்தில் தேனீக்கள் கூட்டின் வாசலைச் சுவர் வைத்துக் குறுக்குவதை எழுதினார். ஹூபர் பார்வையிழந்தவர், மற்றவர்களின் கண்ணால் பார்த்து எழுதியவர். அவர் எழுதினார், அதனால் உலகம் அறிந்தது. எங்கள் கரையோர வேடர் எழுதவில்லை. 1911இல் கேம்பிரிட்ஜில் வெளியான செலிக்மன் தம்பதியரின் வேடர் பற்றிய நூலில் கிழக்குக் கரை வேடருக்கும் இடம் இருக்கிறது. தமிழ் பேசி, தமிழரோடு கலந்து, கடலிலும் காட்டிலும் சீவிக்கும் மக்கள் இவர்கள். வாகரை, பனிச்சங்கேணி, பால்சேனை, கதிரவெளி எங்கும் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எங்கள் வகுப்பில் பின்வாங்கில் இருக்கிறார்கள். விஞ்ஞானப் பரீட்சையில் 35 புள்ளி எடுக்கும் பிள்ளைக்கு ஹூபர் எழுதியதில் பாதி தெரிகிறது. இதை எந்தக் கேள்வித்தாளில் கேட்பது?

எழுதப்பட்ட வரலாற்றில் நமது கரை எப்படி விடுபட்டது என்றும் பார்த்தோம். இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் இரவுப்பூச்சிகளுக்கும் முதற்பெரும் நூல் ஃபிரெடெரிக் மூர் எழுதியது. 1880 முதல் 1887 வரை மூன்று பெரிய தொகுதிகளாக லண்டனில் வெளிவந்தது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் த்வெயிட்ஸின் முயற்சியில் சேர்ந்த பூச்சிகளும் படங்களும்தான் அதற்கு அடிப்படை. 200க்கும் மேற்பட்ட வண்ணத் தட்டுகள். அட்டையில் மூரின் பெயர் பெரிதாக இருக்கும். ஆனால் உயிருள்ள புழுவையும் கூட்டையும் பக்கத்தில் வைத்து வரைந்தவர்கள் இந்த மண்ணின் பிள்ளைகள்: பேராதனையில் ஓவியராகப் பல ஆண்டுகள் வேலை செய்த ஹர்மானிஸ் டி அல்விஸின் மகன்மார், வில்லியமும் ஜோர்ஜும். அந்தத் தட்டுகளின் அழகைப் பார்த்தால் எழுத்தை மறந்துவிடலாம்.

மூர்தான் நமது நாட்டின் அட்லஸ் பூச்சிக்கு 1882இல் தப்ரோபானிஸ் என்று பெயரிட்டார். தப்ரோபேன் என்ற நமது பழைய பெயரிலிருந்து. சிறகை விரித்தால் ஒரு சாண் வரும். அந்த இனத்தின் செய்தி ஒன்று எங்கள் வகுப்பை அமைதியாக்கியது: சிறகு முளைத்த அட்லஸ் பூச்சிக்குத் தின்ன வாய் இல்லை. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பில்தான் ஒரு வாரம், கூடினால் இரண்டு வாரம் வாழும். அதற்குள் சோடி தேடி, முட்டையிட்டு, முடிந்துவிடும். "பசிக்காதா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். பசி என்பதை அது உணருமா என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அட்லஸ் இந்தப் பக்கத்துப் பூச்சி என்று சொல்ல மாட்டோம், அது ஈரக் காடுகளை விரும்புவது. ஆனால் அதே குடும்பத்தின் தசர்ப் பட்டுப்பூச்சி வறண்ட காட்டிலும் வாழும். இலந்தை, மருது, நாவல் இலைகள் அதன் புழுவுக்கு உணவு. கிளையில் காம்பு வைத்துத் தொங்கும் சாம்பல் நிறக் கூடு, சின்னக் கோழிமுட்டை மாதிரிக் கடினமாக இருக்கும். இதற்கும் சிறகு வந்தபின் வாய் வேலை செய்யாது. இந்தியாவில் ஜார்க்கண்ட் பக்கத்து ஆதிவாசிகள் இந்தக் கூட்டிலிருந்து நூல் எடுக்கிறார்கள். எங்கள் ஆண்களுக்குப் பட்டு மார்க்கத்தில் தடை, மருதமுனைத் தறியில் ஓடியதும் பருத்திதான். அதனால் இந்தக் கூட்டை நம்மில் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கிழக்குக் கரைக்கு ஆள் வந்தது கொஞ்சம் பிந்தி. 1890களின் தொடக்கத்தில் யெர்பரி என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி திருகோணமலையில் இருந்துகொண்டு கந்தளாய் வரை பூச்சிகளைப் பிடித்தார். லண்டனில் ஹாம்ப்சன் 1893இல் இலங்கை இரவுப்பூச்சிகள் பற்றித் தனிநூல் எழுதினார். கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வெருகல் ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் யாராவது விளக்கும் வலையுமாக வந்ததாக நாங்கள் தேடியவற்றில் காணவில்லை. குரங்கு படையெடுத்த வேம்பின் கல் ஈமச்சின்னங்களைப் பார்க்க வருகிறவர்களும் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகிறார்கள். பூச்சி இரவில்தான் வரும்.

இருந்தால் என்னவெல்லாம் பார்க்கலாம் என்று பிள்ளைகளும் நாங்களும் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினோம். கடற்கரை அடம்பன் கொடியிலும் தோட்டத்து வத்தாளைக் கொடியிலும் வளரும் ஒரு கொம்புப் புழு இருக்கிறது. அது சிறகு முளைத்ததும் உடம்பைவிட நீளமான நாக்கோடு மஃரிபுக்குப் பின் பூக்களின் முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும். நமது வளவில் நிற்கும் பப்பாசி காய்ப்பதற்கு இந்த வகைப் பூச்சிகளுக்குத்தான் பெரும்பங்கு நன்றி சொல்ல வேண்டும். ஆண் பப்பாசிப் பூ பொழுதுபட்டதும் மணப்பது மனிதருக்காக அல்ல. டார்வின் 1862இல் மடகாஸ்கரின் ஒரு ஓர்க்கிட் பூவில் ஓரடி நீளத் தேன்குழாயைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நீள நாக்குள்ள பூச்சி ஒன்று அங்கே இருக்க வேண்டும் என்று எழுதினார். பலர் சிரித்தார்கள். அவர் இறந்து 21 வருடத்துக்குப் பின், 1903இல் அந்தப் பூச்சிக்கு விஞ்ஞானப் பெயர் எழுதப்பட்டது. அதுவும் இந்தக் கொம்புப் புழுக் குடும்பம்தான்.

அலரிச் செடியை ஆடும் தின்னாது. அதன் நஞ்சைத் தின்று வளரும் பச்சைப் புழு ஒன்றும் உண்டு. சீந்தில் கொடியில் வளரும் புழு, பூச்சியானதும் நாக்கு அரம் போலாகி, கொய்யாவையும் தோடையையும் மாம்பழத்தையும் இரவில் குத்திச் சாறு குடிக்கும். காலையில் பழத்தில் ஊசி குத்திய துளையும் சுற்றிலும் அழுகலும் இருக்கும். வௌவால் மேல் பழி போடுவோம். சிறகில் ஆந்தைக்கண் வரைந்த பெரிய மண்ணிறப் பூச்சி பகலில் மதகுக்குள்ளும் மலசலகூடத்து மூலையிலும் ஒட்டியிருக்கும். அதிகம் பழுத்து ஊறிய பழம் அதற்கு விருப்பம்.

இந்த மூலைப் பூச்சியைப் பார்த்துத்தான் எங்கள் உம்மம்மா பயந்தார். வெள்ளி இரவில் அது வீட்டுக்குள் வந்தால் "ஆரோட ரூஹோ வந்திருக்கு, தொடாதீங்க மனே" என்பார். அடிக்க விடமாட்டார், அதனால் பூச்சி பிழைத்தது. அந்தளவில் நல்லது. ஆனால் அன்றிரவு அவர் நித்திரை கொள்ள மாட்டார். மையத்து வீட்டை எதிர்பார்ப்பது போல இருப்பார். இஸ்லாத்துக்கு முந்திய அரபிகளிடமும் இதே நம்பிக்கை இருந்தது. கொல்லப்பட்டவரின் உயிர் பறவையாகி அலையும் என்று நம்பி அதை 'ஹாமா' என்றார்கள். சகுனம் பார்ப்பதையும் ஹாமாவையும் ஒன்றாகவே நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள், ஸஹீஹான ஹதீஸ்களில் இருக்கிறது. உம்மம்மாவுக்கு அதைச் சொல்லும் துணிவு அப்போது எங்களுக்கு இல்லை.

கதிரவெளியில் இதைப் பேசும்போது கவனமாகப் பேச வேண்டியிருக்கிறது. இந்த ஊருக்குச் சாவு வந்த நாட்கள் எல்லோருக்கும் தெரியும். 2004 டிசம்பர் 26 கடலால் வந்தது. 2006 நவம்பர் 8 இடம்பெயர்ந்து பாடசாலையில் தங்கியிருந்த மக்கள் மேல் எறிகணையாக வந்தது. குழந்தைகளும் பெரியவர்களுமாக 40க்கும் மேற்பட்டோர் போனார்கள். அந்த நாளைப் பற்றி எழுத இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் உரிமை, நாங்கள் பனிச்சங்கேணிப் பாலம் கடந்து வேலைக்கு வருகிறவர்கள். ஒன்று மட்டும் சொல்கிறோம். "ஆரோ சாகப் போறாங்க" என்று அன்று கத்திய பிள்ளையின் வீட்டிலும் அந்த நாளில் ஆட்கள் போயிருக்கிறார்கள். அவள் விளையாட்டுக்குக் கத்தவில்லை. அதனால் 'மூடநம்பிக்கை' என்ற சொல்லை அன்று வகுப்பில் நாங்கள் எடுக்கவில்லை. பூச்சியின் வாயைக் காட்டினோம். தேன் குடிக்கும் நாக்கு இது, உள்ளே இருப்பது இவ்வளவுதான் என்றோம். கிட்ட வந்து பார்த்தாள்.

உண்மையில் நம்மை அடித்த பூச்சி பெரியதே அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த படைப்புழு 2016இல் ஆபிரிக்காவிலும் 2018இல் இந்தியாவிலும் அதே வருடம் இலங்கையிலும் இறங்கியது. சேனாப் புழு என்று எல்லோரும் அறிந்த அதுதான் 2018-19 பெரும்போகத்தில் சோளச் செய்கையை மொட்டையடித்தது. அதன் தாய்ப்பூச்சி சிறகு விரித்தால் ஒன்றரை அங்குலம் வராது, சாம்பல் நிறம், யாரும் திரும்பிப் பார்க்காத உருவம். அது சுவரில் இருந்தபோது ஒரு பிள்ளையும் கத்தியிருக்காது. அதற்குப் பிறகு மருந்து அடிப்பது கூடியது. மருந்துக்குப் புழுக்களில் பெரியது சின்னது தெரியாது.

பூச்சி ஏன் விளக்குக்கு வருகிறது என்றும் பிள்ளைகள் கேட்டார்கள். நிலவு என்று நினைத்து வருகிறது என்றே நாங்களும் படித்தோம், படிப்பித்தோம். 2024 ஜனவரியில் வெளியான ஓர் ஆய்வு, வேகமான கமராவால் படம்பிடித்து வேறு விளக்கம் சொல்கிறது. பறக்கும் பூச்சி வெளிச்சம் இருக்கும் பக்கத்தை மேல் என்று எடுத்து முதுகை அதற்குத் திருப்பும். வானத்து வெளிச்சம் மட்டும் இருந்த காலத்தில் அது சரி. பக்கத்தில் விளக்கு இருந்தால் திரும்பித் திரும்பி அதையே சுற்றி மாட்டிக்கொள்ளும். ஆக அது விளக்கை விரும்பி வரவில்லை, விடுபட முடியாமல் சுற்றுகிறது. நெருப்பில் விழும் பூச்சிகளையும் அவற்றைத் தடுக்கப் பாடுபடும் ஒருவரையும் பற்றி புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் உவமையை இதற்குப் பிறகு வாசித்தால் அந்தத் தடுப்பவரின் பாடு கூடுதலாக விளங்குகிறது. சுவையான செய்தி: அந்த ஆய்வில் இப்படி மாட்டிக்கொள்ளாமல் விளக்கைத் தாண்டிப் பறந்த ஒன்றிரண்டு இனங்களில் ஒன்று நமது அலரிப் பூச்சி.

குப்பி விளக்குக் காலத்தில் ஒரு வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ வந்தன. இப்போது வீதி முழுக்க வெள்ளை எல்ஈடி. காலையில் மின்கம்பத்தடியில் சிறகுகள் கிடக்கின்றன, காகம் உடம்பைக் கொண்டு போய்விடுகிறது. கோயில் முன்றலும் பள்ளிவாசல் முன்றலும் இதில் ஒன்றுதான். இஷாவுக்குப் பின் ஆள் இல்லாத இடத்து விளக்கை அணைத்தால் மின்கட்டணமும் மிஞ்சும். நிர்வாகத்தில் உள்ளவர்கள் யோசித்துப் பாருங்கள்.

அன்று வந்த மண்டையோட்டுப் பூச்சி பின்னேரம் வரை கரும்பலகைக்கு மேலேயே இருந்தது. அதன் கீழேதான் கணக்கும் தமிழும் நடந்தது. பொழுதுபட்டதும் போயிருக்க வேண்டும், மறுநாள் காணவில்லை. இரண்டு கிழமைக்குப் பின் பாடசாலைத் தோட்டத்துக் கத்தரியில் கொம்புப் புழு ஒன்றைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். ஒரு கத்தரிச் செடியை அதற்கென்று விட்டோம். தின்று முடித்ததும் மண் நிரப்பிய பால்மா ரின்னுக்குள் இறங்கிவிட்டது. ரின் இப்போது அந்தப் பொடியனின் பொறுப்பில் பின்வாங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். வாகரை, கதிரவெளி, வெருகல், ஓட்டமாவடிப் பக்கத்தில் எள்ளுச் சேனை செய்த, தேன் எடுத்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள்: இந்தப் பூச்சிக்கு, இந்தப் புழுவுக்கு அவர்கள் என்ன பெயர் சொன்னார்கள்? கீழே எழுதுங்கள், ஊர்ப்பெயரையும் சேர்த்து. பிள்ளைகளின் பட்டியலில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.